சிங்கப்பூரில் ‘நான் யார்?’ என்று கேட்ட தம்பிக்கு

தம்பி,

திருநெல்வேலியிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு அலுவலர்களுக்கான வேலை அனுமதி) மனைவியோடும் நான்கு வயது மகனோடும் வந்திருக்கிறீர்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடு என்பதால் பாதி வீடு போலத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தீர்கள். வந்தபிறகு வீட்டு முகவர் "இந்தியரா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் பதிலே போடுவதில்லை. அலுவலகத்தில் இருக்கும் உள்ளூர்த் தமிழர் உங்களிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகிறார். சம்பளத்தில் கேட்காமலே ஏதோ பிடிக்கிறார்கள். "இந்த ஊரில் நான் யார் அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, இப்போது குடியுரிமையும் எடுத்தாகிவிட்டது. சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை என்பதால், உங்களைப் போன்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். ஆகவே பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பிடித்தம் சிண்டாவுக்குப் போகிறது. இந்தியச் சமூகத்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் வசதி குறைந்த குடும்பங்களுக்கும் உதவ 1991இல் தொடங்கிய அமைப்பு. குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்கள் எல்லாரிடமும் பிடிப்பார்கள். மாதம் ஒரு வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) தொடங்கி, சம்பளம் 15,000 வெள்ளியைத் தாண்டினால் 30 வெள்ளி வரை போகும். வேண்டாம் என்றால் படிவம் நிரப்பி விலகிக்கொள்ளலாம். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு. பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சிங்களவர், சீக்கியர், மலையாளி, நீங்கள், நான் என்று துணைக்கண்டத்தைச் சேர்ந்த அத்தனை பேரும் அந்தக் கணக்கில் இந்தியர்தாம். இந்த அரசு மனிதர்களைச் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகளில்தான் எண்ணுகிறது. குடிமக்களின் அடையாள அட்டையிலேயே இனம் அச்சிட்டிருக்கும்.

ஊரில் சாதிச் சான்றிதழ் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. இங்கே வெளிப்படையாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். 1964இல் இங்கே சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே கலவரம் நடந்தது. அடுத்த ஆண்டே நாடு மலேசியாவிலிருந்து பிரிந்தது. அந்தப் பயம் இன்னும் சட்டங்களுக்குள் உயிரோடு இருக்கிறது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீடுகளில் எந்த இனமும் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989இல் விகிதம் வைத்தார்கள். இந்தியரும் மற்றவரும் சேர்ந்து ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் (ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில்) 15 விழுக்காடு. அந்த அளவு நிரம்பிவிட்டால், அங்கே வீட்டை விற்கும் சீனரோ மலாய்க்காரரோ அதை நமக்கு விற்க முடியாது. அந்த புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர் தன் வீட்டை யாருக்கும் விற்கலாம். சீனர் அளவு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர்பாடுதான் திண்டாட்டம். சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருபவர் குறைவு, விலையும் இறங்கும். நான்கு இனமும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவதற்கு யாரோ ஒருவர் கையிலிருந்து காசு போகிறது. இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அந்தக் காசை அதிகமாகக் கொடுப்பவர்கள் சிறுபான்மையினர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாடகைக்கு வருவோம். முகவர் மறுப்பதில் இரண்டு வகை உண்டு. வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்க, மலேசியர் அல்லாத, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தனி அளவு இருக்கிறது. பேட்டைக்கு 8, புளோக்குக்கு 11 விழுக்காடு. அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் நல்லவராக இருந்தும் பயனில்லை. அடுத்த வகை, சமையல் வாசனை, சுவரில் மஞ்சள் கறை என்று சுற்றிவளைத்துச் சொல்லும் மறுப்பு. அது நேரான இனப் பாகுபாடு, வேறு பெயர் தேட வேண்டாம். வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிராக 2025 ஜனவரியில் சட்டம் நிறைவேற்றினார்கள், வாடகை வீடு அதில் வராது. முதல் செய்தியிலேயே நாடு, குடும்ப அளவு, பாஸ் வகை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மறுக்கிறவர் அப்போதே மறுத்துவிடுவார். நேரில் போய் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டியிருக்காது.

இனி அந்த உள்ளூர்த் தமிழர். இதில்தான் நீங்கள் அதிகம் புண்பட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா துறைமுகத்திலோ கடற்படைத் தளத்திலோ கூலியாக உழைத்திருக்கலாம். அந்தக் காலத்திலேயே தமிழர்களுக்குள் மேல் கீழ் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் மேசையில் உட்கார்ந்தார்கள். நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 2023இல் 70.4 விழுக்காட்டு வாக்குகளோடு அதிபரான தர்மன் சண்முகரத்தினமும் இலங்கைத் தமிழ் வழி வந்தவர். தமிழகத்திலிருந்து வந்த கூலிக்காரர்களுக்கு அந்த ஏணி கிடைக்கவில்லை. 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி, ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் இங்கே குடியுரிமை எடுங்கள் என்று 1950களில் தமிழர்களை விடாமல் வற்புறுத்தினார். அப்படி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இவர்கள்.

இப்படி மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் நின்றவரிடம், சீனச் சக ஊழியர் ஒருவர் "இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்கிறார். உங்களையும் என்னையும் போல ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கியதால் அந்தக் கேள்வி அவருக்கு அதிகமாக வருகிறது. போதாக்குறைக்கு நாமும் வந்த முதல் நாளே அதையே கேட்கிறோம். "உங்கள் பூர்வீகம் எங்கே?" என்று நீங்கள் அன்பாகத்தான் கேட்டிருப்பீர்கள். அவர் காதில் அது, நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று விழுகிறது. ஆங்கிலத்தில் பேசுவதையும் அவமதிப்பாக எடுக்காதீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கில் 2.5 விழுக்காடு மட்டுமே. தன் தமிழைக் கேட்டு ஊரிலிருந்து வந்தவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. நம் ஆட்கள் சிரித்தும் இருக்கிறார்கள். "எந்தப் பேட்டையில் வளர்ந்தீர்கள், எந்தப் பள்ளி?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

பாஸ்காரக் குடும்பங்கள் நாமாகவே ஒதுங்குவதும் உண்டு. கொண்டோமினியத்தில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) வீடு, பிள்ளைக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, வார இறுதியில் கல்லூரி நண்பர்கள். உள்ளூர்த் தமிழரைப் பார்க்கவே வாய்ப்பில்லாத இந்த வாழ்க்கையில் இருந்துகொண்டு, அவர்கள் பழகுவதில்லை என்று குறைப்படுவது எனக்கு ஏற்பாக இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (‘லிட்டில் இந்தியா’ வட்டாரம்) போனால் கட்டுமானத் தொழிலாளர்களைப் பார்ப்பீர்கள். அவர்களில் என் மாவட்டத்துக்காரர்கள் நிறைய, உங்கள் மாவட்டத்துக்காரரும் இருப்பார். மொழி ஒன்று, சாமி ஒன்று, ஒருவேளை படித்த பள்ளியும் ஒன்று. ஆனால் அவர் கையில் இருப்பது வேலை அனுமதிச் சீட்டு. மனைவி மக்களை அழைத்துவர முடியாது. இங்குள்ள குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். விடுதியில் தங்கி, லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார். நீங்கள் 6,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குவதால் குடும்பத்தோடு இருக்கிறீர்கள். இனப் பெட்டியைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம். சம்பளப் பட்டியல் போடுகிறவளாக நான் அன்றாடம் பார்ப்பது, ஒருவருடைய இடத்தை இங்கே முதலில் தீர்மானிப்பது பாஸ்தான். இனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. நம்மவர்களில் சிலர் அந்தத் தொழிலாளிகளோடு தம்மைச் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்று பதறி, தேக்காவுக்கே ஞாயிறு தவிர்த்துப் போவார்கள். முகவர் தம்மை ஒதுக்கியதற்குக் கொதிப்பவர்களும் அவர்களேதாம்.

சாதி பற்றி எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அரசின் படிவத்தில் அதற்கு இடமில்லை, உள்ளூர் இளையர் பலருக்கு விவரமே தெரியாது. புதிதாக வந்தவர்கள் கூடும் விருந்துகளில்தான் "ஊரில் எந்தத் தெரு?" என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வதில்லை, அதனால் சில வீட்டு அழைப்புகள் நின்றுபோயின. நல்லதாகப் போயிற்று.

பெயர் விஷயம் சின்னது, சிரிக்கத்தான். வங்கிக் கடிதம் உங்கள் அப்பா பெயருக்கு வந்துகொண்டே இருக்கும், பழகிக்கொள்ளுங்கள். உள்ளூர் இந்தியர் பலரின் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘இன்னாரின் மகன்’ என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்து நிற்கும். நம் பெயரில் அது இருக்காது. பட்டியலைப் பார்த்ததும் யார் இங்கே பிறந்தவர், யார் வந்தவர் என்று என்னால் ஓரளவு சொல்லிவிட முடியும். மற்றவர்களாலும் முடியும்.

கடைசியாக, நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டீர்கள். உங்களுக்கு அது வீடு, வேலை மாறும் சுதந்திரம். உங்கள் மகனுக்கு அது தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற படைகளில் கட்டாயப் பணி. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் பையன்கள் பதினெட்டு வயதை ஒட்டி இரண்டு ஆண்டுகள் முழுநேரம் சேவை செய்தாக வேண்டும். செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். பிறகு குடியுரிமை எடுத்தால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், இரண்டையும் வைத்திருக்க வழியில்லை. என் அனுபவத்தில், உள்ளூர்த் தமிழ்த் தாய்மார்கள் நம்மை அளப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். தங்கள் பிள்ளை மலாய் மொழிக் கட்டளைக்கு அணிவகுத்து வெயிலில் நின்றிருக்க, நம் பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டால் அவர்கள் மறக்க மாட்டார்கள். என் மகன் சேவையை முடித்து வந்த பிறகுதான், பக்கத்து வீட்டு அம்மா தன் பெண்ணின் கல்யாண வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்.

உங்கள் மகனுக்கு நான்கு வயதுதான். ஆனாலும் விண்ணப்பத்தில் அவன் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை, படிவத்தைத் திறப்பதற்கு முன்பே மனைவியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.