முதலில் கையெழுத்தைப் பழக்குங்கள்!

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்து பணி ஓய்வு பெற்ற சிறப்பாசிரியை ஒருவர்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) இருப்பது ஏழாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் எல்லாம் கிடைத்து நல்லபடியாகத் தேறினான். வீட்டில் மிக்ஸி, ஃபேன் எது பழுதானாலும் பிரித்துப் பார்ப்பது அவன்தான். ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிக்கிறேன் என்கிறான். அவன் அப்பா இன்ஜினீயரிங்தான் என்று நிற்கிறார். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் நாளைக்குப் பெண் கிடைக்காது என்கிறார் மாமியார். பள்ளிக்கூடம் முடிந்தபின் இவன் எப்படிச் சமாளிக்கப் போகிறான்?
– வாசகி, நாமக்கல்

பதில்: அட்டை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பள்ளித் தேர்வுச் சலுகைக்காக வாங்கிய மருத்துவச் சான்றும், யுடிஐடி எனப்படும் மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஒன்றல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்பிடப்பட்டால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீட்டிலும், அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டிலும் போட்டியிடலாம். அட்டை இருக்கிறது என்று ஆதாரில் அச்சடிக்க மாட்டார்கள், கல்யாணப் பத்திரிகையிலும் போட மாட்டார்கள். எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் இருப்பது என்பது உங்கள் மகன் இஷ்டம். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். 18 வயது ஆனதும் மறுமதிப்பீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து, ஐடிஐயா இன்ஜினீயரிங்கா? உங்கள் கணவர் பயப்படுவதுபோல் ஐடிஐ போனால் கதவு மூடிவிடாது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலிலும் அப்படியே. சுற்று வழிதான், ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையில் ஒரு தொழில் இருக்கும். பையன் கைவேலைக்காரன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு முதல் வருடமே அவனைத் தடிமன் தடிமனான புத்தகங்களோடு மல்லுக்கு நிற்க வைக்க வேண்டும்? என் ஓட்டு அவனுக்குத்தான்.

ஆனால் எனக்குக் கவலை படிப்பைப் பற்றியது இல்லை. என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது ஏசி சர்வீஸ் செய்கிறான், வேலையில் கெட்டிக்காரன். முதல் சம்பளம் எடுக்க வங்கிக்குப் போனவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்குத் தொடங்கும்போது போட்ட கையெழுத்து ஒன்று, அன்றைக்குப் போட்டது வேறு. எழுதுவதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு இது சகஜம், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். முழுப் பெயரை நீட்டி எழுதச் சொல்லாமல், இனிஷியலும் இரண்டு மூன்று எழுத்தும் வரும் ஒரு சின்னக் கையெழுத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டும் போட வரும் அளவுக்குப் பழக்கினோம். பிறகு வங்கியிலும் மாற்றிக்கொடுத்தான். உங்கள் வீட்டில் இதை இந்த மாதமே ஆரம்பிக்கலாம்.

அதே பையன் பர்சில், ஆதார் அட்டைக்குப் பின்னால் லேமினேட் செய்த ஒரு துண்டு இருக்கும். பத்து, இருபது, முப்பது தொடங்கி ஆயிரம், லட்சம் வரை எழுத்தால் எழுதியிருக்கும். பணம் எடுக்கும் படிவத்தில் தொகையை எழுத்தால் எழுதும் இடம் வந்தால் அதைப் பார்த்து எழுதிவிடுவான். வேலைக்குப் போகும் வீட்டில் ஏசியின் மாடல் எண்ணைப் பார்த்து எழுத மாட்டான். ஸ்டிக்கரை மொபைலில் படம் பிடித்து அப்படியே கடைக்கு அனுப்பிவிடுவான். ஒரு எண் மாறினால் வேறு பாகம் வந்து சேரும் இல்லையா? முதலாளிக்குத் தகவல் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். இங்கிலீஷில் வரும் குறிப்பேட்டை மொபைலே வாசித்துக் காட்டும். இதில் எதுவுமே சலுகை இல்லை, யாரிடமும் கேட்டு வாங்கியதும் இல்லை.

இன்னொன்று. பள்ளியில், மருத்துவமனையில், டியூஷனில் இதுவரை நீங்கள்தான் அவனுக்காகப் பேசியிருப்பீர்கள். ஐடிஐ விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். அலுவலகத்தில் அவனே பேசட்டும், நீங்கள் வாசலில் உட்காருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், உங்களுக்கு!

கேள்வி: எனக்கு வயது 23. ஜவுளிக்கடை ஒன்றில் ஸ்டாக் பிரிவில் இருக்கிறேன். துணியைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே எண்கள் தடுமாறும், 69 என்பதை 96 என்று எழுதிவிடுவேன். கவனமே இல்லை என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். எனக்கு டிஸ்கால்குலியா (எண்களில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு) என்று சொல்லிவிடலாமா, வேலை போய்விடுமா?
– வாசகி, கோவை

பதில்: சொல்லுங்கள். ஆனால் நோயின் பெயர் மாதிரி அதை முதலில் எடுத்துவைக்காதீர்கள். அவருக்கு அது புரியாது, 'மூளையில் ஏதோ கோளாறு' என்று கடை முழுக்கப் பரவும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், நீளமான நம்பரைக் கையால எழுதினா எனக்கு மாறிடும். ஸ்கேனர்ல அடிச்சா ஒரு தப்பும் வராது. கையால எழுத வேண்டிய லிஸ்ட்டை மட்டும் இன்னொருத்தர் ஒரு தடவை சரிபார்த்துடட்டும். பதிலுக்கு அவங்க ரேக் அடுக்குற வேலையை நான் பாத்துக்கிறேன்." குறை, அதற்கு வழி, அவருக்கு லாபம் மூன்றும் ஒரே பேச்சில் வந்துவிட வேண்டும். மன்னிப்பு கேட்கும் குரல் வேண்டாம்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எண்ணை இரண்டு இரண்டாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். மொபைலில் வரும் ஓடிபியையும் மூன்று மூன்றாகப் பிரித்துப் படித்தால் தடுமாற்றம் குறையும்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. கடையில் அதைக் காட்டி வாதாடுவதைவிட, மேலே சொன்ன பேச்சுதான் சீக்கிரம் பலன் தரும் என்பது என் அனுபவம். அதற்கும் மசியாமல் எல்லார் முன்னாலும் திட்டுவது தொடர்ந்தால், வேறு இடம் தேடுங்கள். துணியைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்லும் ஆளுக்குக் கோவையில் வேலைக்கா பஞ்சம்?

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் நான். வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு. பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் வாழ்க்கைக்கு எப்படித் தயார் செய்வது?
– வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை முதலில் பிடியுங்கள் சார், தனியாக இழுக்காதீர்கள். பொதுத்தேர்வுச் சலுகைக்கான மருத்துவச் சான்றுகளை இந்த வருடமே தயார் செய்துவிட்டால் பத்தாம் வகுப்பில் ஓட வேண்டியிருக்காது.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு நிஜப் படிவம் கொடுங்கள்: வங்கிச் சலான், ரயில் முன்பதிவு, தபால் நிலையப் படிவம், எதுவானாலும் சரி. வகுப்பு முழுவதற்குமே கொடுங்கள், இந்த இரண்டு பேரைத் தனியாகக் காட்டாமல் இருக்கும். தப்பாக நிரப்பியதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பிறந்த தேதிக் கட்டத்தில் தடுமாறுகிறானா, முகவரியிலா என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்த வாரம் அந்தக் கட்டத்தை மட்டும் பழக்கினால் போதும்.