சட்டம் கேளுங்கள்: செக்‌ஷன் நம்பரும் நத்தையும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இந்த வருடம் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ‘எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் செக்‌ஷன் நம்பர், மனப்பாடம் ஏறவில்லை’ என்று போனில் அழுகிறாள். அவளால் முடியுமா? கறுப்புக் கோட் இப்போதே வாங்க வேண்டுமா?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: மனப்பாடம் ஏறாததே நல்லதுதான் அம்மா. 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலைக்கு 302 என்று தூக்கத்திலும் சொல்கிற நான், இப்போது 103 என்று திருத்திக்கொள்கிறேன். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால் இரண்டும் வேண்டும். எது கொலை, எது கொலையாகாத மரணம் என்று புரிந்து படித்தவர்களுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. நம்பரை நம்பியவர்கள்தான் திண்டாடினார்கள்.

சீக்கிரமே அவளுக்கு ‘நத்தை கேஸ்’ நடத்துவார்கள். ஸ்காட்லாந்துப் பெண் ஒருவர் குடித்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் செத்த நத்தை கிடந்ததாக வழக்கு. வாங்கிக் கொடுத்தது தோழி. அப்படியிருக்க, தயாரித்தவர் இவருக்குப் பொறுப்பா? பொறுப்புதான் என்று 1932-ல் தீர்ப்பு வந்தது. வேடிக்கை என்னவென்றால், பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை! ‘இருந்தது என்றே வைத்துக்கொண்டால்?’ என்று யோசிக்கப் பழகுவதுதான் முதல் வருடப் படிப்பு.

அப்புறம் மூட் கோர்ட், அதாவது மாணவர்களே வக்கீலாக வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம். ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் பார்த்து நோட்டில் எழுதவும் வேண்டும். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுக்கிற பிள்ளைகள் நிறைய. அவளை அப்படிச் செய்யவிடாதீர்கள். நான் மாணவியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஒரு மகஜர் சாட்சி (போலீஸ் பொருளைக் கைப்பற்றியதை எழுதும் ஆவணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்) இன்னும் நினைவிருக்கிறது. ‘கையெழுத்து எங்கே போட்டீங்க?’ என்று கேட்டார் வக்கீல். ‘ஸ்டேஷன்ல வச்சுத்தான் சார்.’ பொருளைக் கைப்பற்றிய இடத்தில் போட்டதாகத்தான் மகஜரில் இருந்தது. வக்கீல் அடுத்த கேள்வி கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எந்த லெக்சரிலும் நான் அவ்வளவு தெளிவாகக் கற்கவில்லை.

அந்தக் கேள்வியும் பதிலும் தமிழில்தான் நடந்தன. உயர் நீதிமன்றத்துக்குத்தான் ஆங்கிலம் கட்டாயம். நம் ஊர் கோர்ட்டுகளில் சாட்சியின் பேச்சு சட்டென்று பிடிபடுவது உங்கள் மகள் போன்றவர்களுக்குத்தான். ஆங்கிலத்துக்கு, தினமும் ஒரு பக்கம் பேர் ஆக்ட்டை (விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) அகராதியோடு படிக்கச் சொல்லுங்கள். கைடு வேண்டாம். வருகைப் பதிவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். பரீட்சைக்கு முன்னால் அழுகிறவர்கள் பெரும்பாலும் அதில் கோட்டைவிட்டவர்கள்தான்.

கோட்டுக்கு அவசரமில்லை. மூட் கோர்ட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் இப்போதைக்கு ஒப்பந்தச் சட்டம் பேர் ஆக்ட்டும் ஒரு நல்ல அகராதியும் வாங்கிக் கொடுங்கள்.