சோயாவை நிறுத்தியதும் முட்டை குறைந்தால்

கோழித் தீவனத்தில் சோயாவை நிறுத்தியதும் முட்டை குறைந்துவிட்டது, கோழிகள் இறகைப் பிடுங்குகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சோயாவுக்குப் பதிலாக அதே எடைக்குக் கடலைப் புண்ணாக்கை மட்டும் போட்டதுதான் சிக்கல். அதோடு எள்ளுப் புண்ணாக்கும் உப்பில்லாக் கருவாட்டுத் தூளும் சேருங்கள்.

கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் அந்தப் புரதத்தில் கோழிக்கு அவசியமான மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் குறைவு. முட்டை குறைந்ததற்கும், கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்குவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். எள்ளில் மெத்தியோனின் தாராளம், லைசின் கம்மி. மீனில் இரண்டும் இருக்கிறது.

10 கிலோ தீவனத்துக்கு என் கணக்கு: மக்காச்சோளம் 5 கிலோ, தவிடு 1.2, கடலைப் புண்ணாக்கு 1.2, எள்ளுப் புண்ணாக்கு 800 கிராம், கருவாட்டுத் தூள் 700, கிளிஞ்சல் 900, தாது உப்புக் கலவை 200. புரதம் சுமார் 17 சதவீதம் வரும், முட்டைக் கோழிக்குப் போதும்.

இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் பாருங்கள். எச்சம் தண்ணியாகப் போய், கோழி ஓயாமல் தண்ணீர் குடித்தால் கருவாட்டில் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும் (வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது!).

அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி) கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், ஆனால் பச்சையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை நம்பிப் புண்ணாக்கைக் குறைக்காதீர்கள்.

அப்புறம், பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்தும் போடாதீர்கள். அஃப்ளடாக்சின் நஞ்சு அப்படிப் போகாது, ஈரலைக் கெடுத்துவிடும்.