ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளத்தில் எடுத்த கோட் துண்டை கம்பெனி ப்ராஜெக்ட்டில் அப்படியே போடலாமா?

போடலாம், நிபந்தனையோடு. யாரும் பார்க்கும்படி கிடப்பதால் பதிப்புரிமை போய்விடாது. கோட் எழுதியவருக்கே சொந்தம். அங்கே வரும் பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ (CC BY-SA) உரிமத்தில் இருக்கின்றன: 'பை' என்றால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், 'எஸ்ஏ' என்றால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். உரிமத்தின் எந்தப் பதிப்பு என்பதைப் பதில் எழுதிய தேதி சொல்லும்: 2011 ஏப்ரல் 8-க்கு முன் 2.5, அப்புறம் 3.0, 2018 மே 2 முதல் 4.0.

ஃபங்ஷனுக்கு மேலே ஒரு கமெண்ட்டில் எழுதியவர் பெயர், பதிலின் லிங்க், உரிமம், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பது, இந்த நான்கையும் குறித்துவிடுங்கள். இது சுலபம்தான்.

சிக்கல் 'எஸ்ஏ'வில் இருக்கிறது. கோட் துண்டை மாற்றி வெளியே கொடுத்தால், அந்த மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். 4.0 உரிமத்தில் உள்ள கோட் துண்டை ஜிபிஎல் 3 (மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் மென்பொருள் உரிமம்) ப்ராஜெக்ட்டில் சேர்க்க வழி உண்டு. எம்ஐடி (நிபந்தனைகள் மிகக் குறைவான மென்பொருள் உரிமம்) ப்ராஜெக்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆபீஸுக்குள்ளேயே ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் இந்த நிபந்தனை எழாது.

சரி, மூலநிரலை வெளியே காட்டாமல் விற்கும் மென்பொருள் என்றால்? பதிலைப் படித்துப் புரிந்துகொண்டு, சொந்தமாக எழுதுங்கள். பதிப்புரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், அதிலுள்ள யோசனைக்கு இல்லை. மென்பொருளுக்குத் தங்கள் உரிமங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே பரிந்துரைக்கிறது.