மிஞ்சிய முளையங்கள்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மகளுக்குக் கொழும்பில் பரிசோதனைக் குழாய் முறையில் சிகிச்சை செய்தோம். இப்போது ஐந்து மாதம். மிச்சம் நான்கு முளையங்களை, அதாவது கருக்கட்டிய சூல் வளர்ந்த ஆரம்பக் கருக்களை, உறைய வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தொடர்ந்து வைப்பதா, அழிப்பதா, ஆராய்ச்சிக்கா, வேறு தம்பதிக்கா என்று கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. மருமகன் விஞ்ஞான ஆசிரியர். "ஊசிமுனையளவு கலத்திரள், இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை" என்கிறார். மகள் அழுகிறாள். மனித உயிருக்குத் தனி மதிப்பு உண்டு என்று எழுதி வருகிறீர்கள். அது இதற்கும் பொருந்துமா?

– வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள ஐயா,

பொருந்தும். மருமகன் சொன்ன அளவு சரிதான். ஐந்தாம் நாள் முளையத்தில் நூறு, இருநூறு கலங்கள்தான் இருக்கும். ஆனால் அது வெறும் திரள் அல்ல. வெளிப்படலம் சூல்வித்தகமாகும் (நஞ்சுக்கொடி), உள்ளே ஒருபக்கம் ஒட்டியிருக்கும் கலங்கள் பிள்ளையாகும் என்ற பிரிவு அதற்குள் ஏற்கெனவே நடந்துவிட்டது. அதற்கும் முன்பே, மூன்றாம் நாளளவில், நான்கு முதல் எட்டுக் கலமாக இருக்கும்போதே, அது தன் பரம்பரையலகுகளைத் தானே இயக்கத் தொடங்குகிறது. தோலில் சுரண்டியெடுத்த நூறு கலம் இதைச் செய்யாது. இது மனித உயிர், மிக இளம் பருவத்தில் இருக்கிறது. இவ்வளவையும் விஞ்ஞானம் சொல்லும். அதற்கு நாம் என்ன கடமைப்பட்டவர்கள் என்பதை நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியாது.

யோசிக்கும், வலியுணரும் திறன் வந்த பிறகே மதிப்பு வரும் என்பார்கள். அப்படியானால் நினைவு தப்பிய மூதாட்டிக்கு அது குறைந்துகொண்டே போகவேண்டும். மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. எதையும் செய்துகாட்டி அது அந்த இடத்தைப் பெறுவதில்லை. மனிதரின் மதிப்பும் அப்படிப்பட்டது என்றே நான் கொள்கிறேன்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுண்டு: ஏறக்குறைய பதினான்காம் நாள் வரை ஒரு முளையம் இரட்டையாகப் பிரியலாம், அதனால் அது இன்னும் 'ஒருவர்' அல்ல என்பது. 1984இல், முளைய ஆய்வுபற்றி ஆராய பிரித்தானிய அரசு அமைத்த வோர்னொக் குழு, முளையத்தை 14 நாளுக்கு மேல் ஆய்வுகூடத்தில் வளர்க்கக்கூடாது என்று எல்லை வைத்தபோது இதுவும் ஒரு காரணம். இரண்டாகக்கூடியது இப்போது ஒன்றுமில்லை என்று ஆகாது என்பதே என் பதில். முளையங்களைப் பதின்மூன்று நாள் வரை ஆய்வுகூடத்தில் வளர்க்க முடிந்ததும் அந்த எல்லைமீது அழுத்தம் வந்தது. 2021இல் மூலக்கலங்களை (எந்த வகைக் கலமாகவும் மாறக்கூடிய கலங்களை) ஆய்வோரின் சர்வதேசச் சங்கம் அந்தத் திட்டவட்டமான தடையைத் தன் வழிகாட்டலிலிருந்து எடுத்துவிட்டது. வசதிக்காகப் போடும் கோடு வசதிக்காகவே நகரும்.

உண்மையில் சிக்கல் தொடங்கியது படிவத்தில் அல்ல, சூல் (பெண்ணின் முட்டைக்கலம்) எடுத்த அன்று. பத்துப் பன்னிரண்டு நாள் ஓமோன் ஊசி, கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் சூல் எடுப்பு. பத்து முதிர்ந்த சூல் கிடைத்தால் ஏழெட்டுக் கருக்கட்டும், அவற்றில் பாதியோ குறைவோ ஐந்தாம் நாளைத் தொடும். இடையில் நிறைய நின்றுபோவதால் எல்லாச் சூலையும் கருக்கட்டச் செய்வதே வழக்கம். இதை மாற்றலாம். பெற்று வளர்க்கத் தயாரான எண்ணிக்கையை மனதில் வைத்து இரண்டு மூன்று சூலை மட்டும் கருக்கட்டச் செய்து, மீதியைச் சூலாகவே உறைய வைக்கும்படி கேட்கலாம். ஜேர்மனியின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுற்றில் கருப்பைக்குள் வைக்க எண்ணியதற்கு மேல் கருக்கட்டச் செய்வதைத் தடுக்கிறது. இதற்கு விலை உண்டு: ஒரு சுற்றில் வெற்றி வாய்ப்புக் குறையும், செலவு கூடும். சிகிச்சை தொடங்காதவர்கள் இதை முதல் நாளே டொக்டரிடம் பேசவேண்டும்.

இனி உங்கள் நான்கு. அழிப்பது என்றால் வெளியே எடுத்து உருகவிட்டு விடுவது. ஆராய்ச்சியில் மூலக்கலம் எடுப்பதென்றால், பிள்ளையாகும் அந்த உட்பகுதியையே பிரித்தெடுப்பார்கள். இரண்டுக்கும் கையெழுத்து வைக்கவேண்டாம் என்பேன். வேறு தம்பதிக்குக் கொடுப்பதில், முளையமும் மனித உயிர் என்று கொள்ளும் எங்கள் பக்கத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் சிலர் 1997 முதல் இதைத் தத்தெடுப்பாகவே நடத்துகிறார்கள். நோக்கம் நல்லது, ஆனாலும் சிக்கல் உண்டு என்று 2008இல் வத்திக்கான் சொன்னது. சுன்னி உலமாக்கள் பெரும்பாலும் வம்சம் கலக்கும் என்று மறுக்கிறார்கள். காத்தான்குடி, கல்முனை வாசகர்கள் அதையும் மனதில் கொள்வார்கள்.

மகளுக்குச் சொல்லுங்கள், அவசரமில்லை. 1992இல் உறைய வைத்த முளையங்களிலிருந்து 2022இல் அமெரிக்காவில் இரட்டையர் பிறந்தார்கள். இப்போதைக்குத் 'தொடர்ந்து வைக்க' என்று போடுங்கள். மகளின் உடல் தேறியபின் ஒருமுறைக்கு ஒன்றாகக் கருப்பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வைத்தால் இரட்டைக் கர்ப்பமும் குறைமாதப் பிரசவமும் வரலாம்.

கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள். கட்டணம் தவறினால் எத்தனை நாளில், யாருக்கு அறிவித்து அகற்றுவார்கள்? தம்பதியில் ஒருவர் இறந்தால் அல்லது பிரிந்தால் முடிவு யாருடையது? தொட்டியில் திரவ நைதரசன் மட்டத்தை யார், எப்போது பார்க்கிறார்கள், இரவில் அலாரம் அடித்தால் யார் வருவார்? அந்த −196 பாகை செல்சியஸ் குளிர் நைதரசனால் வருவது, மின்சாரத்தால் அல்ல. ஆகவே மின்வெட்டை விட நைதரசன் குறைவதே ஆபத்து. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு தொட்டியின் வெப்பநிலை உயர்ந்து, எச்சரிக்கை யாருக்கும் போகாமல், 4,000க்கு மேற்பட்ட சூல்களும் முளையங்களும் அழிந்தன. பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.