1440-ல் வரும் பீக் உங்கள் மூலக்கூறுடையது அல்ல

சொரசொரப்பாக்கிய வெள்ளி எலெக்ட்ரோடில் பாரா-அமினோதயோபீனால், 532 நானோமீட்டர் லேசர். இதன் ராமன் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறு சிதறடிக்கும் ஒளியில் அதன் அதிர்வுகளைக் காட்டும் வரைபடத்தில்) 1140, 1390, 1440 செ.மீ⁻¹ பீக்குகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருந்தீர்கள். லேசர் பட்ட இடத்தில் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து அசோ சேர்மம் (இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்தது) ஆகிவிடுகின்றன. அதன் பீக்குகள் இவை. கரைந்த ஆக்சிஜன் இதைத் தூண்டும்.

உறுதிசெய்ய, புது இடத்தில் ஒரு வினாடி வீதம் தொடர்ந்து இருபது ஸ்பெக்ட்ரம் எடுங்கள். உங்கள் மூலக்கூறின் 1080 பீக்குடன் ஒப்பிட 1440 ஏறிக்கொண்டே போனால் வினை நடக்கிறது. எலெக்ட்ரோடின் மின்னழுத்தத்தை எதிர்மின் திசையில் கொண்டுபோகும்போது அந்தப் பீக்குகள் மறைவதை மின்னூட்டப் பரிமாற்றம் (உலோகத்துக்கும் மூலக்கூறுக்கும் இடையே எலெக்ட்ரான் தாவுவது) என்று எழுதிவிடாதீர்கள்! அசோ பிணைப்பு ஒடுக்கமடைந்தாலும் (எலெக்ட்ரான் பெற்று மாறினாலும்) அப்படித்தான் தெரியும்.

வினையைத் தவிர்க்க, ஆக்சிஜன் வெளியேறும்படி கரைசலில் அரை மணி நேரம் நைட்ரஜன் விடுங்கள், லேசர் திறனைப் பத்தில் ஒரு பங்காக்குங்கள், ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடம் மாற்றுங்கள். எலெக்ட்ரோடும் கரைசலும் சந்திக்கும் இடைமுகத்தின் மின்புலத்தை அளப்பதுதான் நோக்கம் என்றால் பாரா-மெர்காப்டோபென்சோநைட்ரைல் பயன்படுத்துவது மேல். 2230 அருகே அதன் நைட்ரைல் பீக் தனியாக நிற்கும்.