பாம்புப் பயம் ரத்தத்திலேயே வருமா?

மூன்று வயது மகள் பாம்புப் படத்தைப் பார்த்தாலே அலறுகிறாள், எனக்கும் அதே பயம், பிறவியிலேயே வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். பாதி அப்படித்தான். 1980களில் சூசன் மினேகா என்ற உளவியலாளரின் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளிடம் பாம்பைக் காட்டினார்கள். அவை பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதைப் பார்த்த பிறகுதான் அவையும் மிரண்டன. வேடிக்கை என்னவென்றால், வீடியோவை வெட்டி ஒட்டி, பூவைக் கண்டு குரங்கு மிரள்வதுபோல் காட்டியபோது அந்தப் பயம் ஒட்டவேயில்லை! சட்டென்று கற்றுக்கொள்ளும் தயார்நிலையைப் பரிணாமம் தருகிறது. கற்றுக்கொடுப்பது பக்கத்தில் இருப்பவர்கள்.

அதனால் படப்புத்தகத்தை நீங்கள் புரட்ட வேண்டாம். பாம்புக்கு அசராத தாத்தாவோ சித்தியோ மடியில் வைத்துக் காட்டட்டும். ஏற்கெனவே வந்த பயம், மெதுவாகத்தான் போகும். அப்புறம், நிஜப் பாம்பென்றால் ஒதுங்கவும் சொல்லிக்கொடுங்கள்.